வட சென்னைக்குப் புதுசா குடி வர்றீங்களா? ராத்திரி நாய் சத்தத்தோட காலம் தள்ளுறது எப்படி

மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் வந்ததுல இருந்து வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் வாடகைக்கு வர்ற வெளியூர் ஆளுங்க நிறைய ஆயிட்டாங்க. வந்த முத வாரம் எல்லாரும் கேக்குற கேள்வி தண்ணி வருமா, பைக் எங்க நிறுத்துறதுன்னு இல்ல. "அண்ணா, இந்த நாய்ங்க எப்பதான் தூங்கும்?" அதான். பகல்ல தூங்கும் தம்பி, நீ ஆபீஸ்ல இருக்குற நேரத்துல.

மாநகராட்சி 2024ல எடுத்த கணக்குப்படி சென்னை முழுக்க ஏறத்தாழ 1.8 லட்சம் தெரு நாய் இருக்கு. அதுல உங்க பங்குக்கு ஒரு ஏழெட்டு உங்க ஜன்னலுக்குக் கீழயே படுத்திருக்கும், அத மாத்த முடியாது. ஆனா அதுங்க எவ்ளோ கத்தும், எப்ப கத்தும், உங்கள பாத்து கத்துமா இல்லையான்றத நிறையவே மாத்தலாம். அதுக்குத்தான் இத எழுதுறேன். இங்கயே பொறந்து வளந்தவங்க படிச்சா "இதெல்லாம் ஒரு மேட்டரா"ன்னு சிரிப்பாங்க, பரவால்ல.

அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி

வீட்ட பகல்ல ஒரு தடவ பாத்துட்டு அட்வான்ஸ் குடுத்துடாதீங்க. ராத்திரி பதினொரு மணிக்கு மேல அந்தத் தெருவுல ஒரு நடை நடந்து பாருங்க. குப்பைத் தொட்டி எங்க இருக்கு, கறிக்கடை இருக்கா, தெருமுனையில பாஸ்ட் புட் தள்ளுவண்டி எத்தன மணிக்கு மூடுது, ஓடாம கெடக்குற பழைய கார் எதுவும் நிக்குதா, காலி மனை இருக்கா, இதெல்லாம் கவனிங்க. ஓடாத காருக்கு அடியில பகல் முழுக்க நெழல், காலி மனையில குட்டி போட எடம், தள்ளுவண்டிக்காரர் கடை மூடும்போது கொட்டுற எலும்பு, இந்த மூணும் ஒரே எடத்துல இருந்தா அதுதான் அந்த ஏரியா நாய்ங்களோட ஹெட் ஆபீஸ். அதுக்கு நேர் எதிர்ல பெட்ரூம் ஜன்னல் இருக்குற வீடு ஆயிரம் ரூபா கம்மியா கெடைச்சாலும் வேணாம்னுதான் சொல்லுவேன்.

ஹவுஸ் ஓனர் கிட்ட நாய் தொல்லை இருக்கான்னு கேக்காதீங்க, இல்லன்னுதான் சொல்லுவார். அயர்ன் வண்டிக்காரர், டீக்கடைக்காரர், ஏடிஎம் வாட்ச்மேன் இவங்க கிட்ட கேளுங்க, எந்த நாய் எப்பிடின்னு ஜாதகமே சொல்லுவாங்க.

முதல்ல எதுக்கு கொரைக்குதுன்னு கண்டுபிடிங்க

வந்ததும் ரெண்டு மூணு நாள் பல்லக் கடிச்சுக்கிட்டு வெறுமனே கவனிங்க. எத்தன மணிக்கு ஆரம்பிக்குது, எங்க இருந்து ஆரம்பிக்குது, எது நின்னா நிக்குதுன்னு போன்ல குறிச்சு வச்சுக்கோங்க, இது பின்னாடி கம்ப்ளெயிண்ட் குடுக்கவும் ஒதவும்.

நாய் சும்மா கத்தாது. பெரும்பாலும் எல்லைச் சண்டைதான், இந்தத் தெரு கேங்க் அந்தத் தெரு கேங்க்கப் பாத்து கத்தும், ரெண்டு தெரு சேர்ற முக்குலதான் இது நடக்கும், அதனால முக்கு வீட்டுக்காரங்க பாவம். அடுத்தது வண்டி. வேற ஏரியா நாய் ஒண்ணுக்குப் போன டயரோட உங்க பைக் உள்ள வந்தா அந்த வாசனைக்கே தொரத்தும். ஆம்புலன்ஸ் சைரனுக்கு ஒரு ஊளை வரும் பாருங்க, ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போற ரூட்டுல வீடு இருந்தா இது தினப்படி கச்சேரி. அந்த ஊளைக்கு சாவு வரப்போகுதுன்னு பக்கத்து வீட்டு ஆயா எதாவது சொல்லும், அத நம்பி நீங்க வேற தூக்கத்தக் கெடுத்துக்காதீங்க.

அப்புறம் சீசன். ஊர்ல மார்கழி நாய்னு சொல்லுவாங்க, எங்க பக்கம் புரட்டாசி ஐப்பசியிலயே ரகளை ஆரம்பிச்சிடும், ஒரு பொட்ட நாய் பின்னாடி பத்து கடுவன் சுத்தும், அடிச்சிக்கும், விடிய விடிய பேஜாரு. அதுக்கு ரெண்டு மாசம் கழிச்சு குட்டி. குட்டி போட்ட தாய் இருக்குற எடத்துல நைட் நேரம் குறுக்குவழின்னு நடந்து போகாதீங்க, வேற எந்த நாய் சும்மா விட்டாலும் அது விடாது.

இப்ப காசிமேடு, ராயபுரம் பக்கம் மட்டும் நடக்குற ஒரு விஷயம் சொல்றேன், கேளுங்க. நடு ராத்திரி ரெண்டு மூணு மணிக்கு மீன் ஏலம் எடுக்க ஏரியா பொம்பளைங்க கூடையோட கெளம்புவாங்க, டிவிஎஸ் எக்ஸெல்ல ஐஸ் பெட்டி கட்டிக்கிட்டு ஆளுங்க போவாங்க, திரும்பி வரும்போது பெட்டியில இருந்து மீன் தண்ணி சொட்டிக்கிட்டே வரும். தெருவுல இருக்குற அத்தன நாயும் எந்திரிச்சு அந்த ஈரத்த மோந்துக்கிட்டே பின்னாடி போகும், ஒண்ணு கூட வாயத் தொறக்காது. அடுத்த அஞ்சு நிமிஷத்துல சாப்பாடு டெலிவரி பண்ற பையன் ஒருத்தன் ஹெல்மெட்டோட உள்ள வருவான், அவ்ளோதான், மொத்த தெருவும் எழுந்திரிச்சிடும். அதே நாய், அதே ராத்திரி. மீன்காரம்மாவ அதுக்குத் தெரியும், டெலிவரி பையன தெரியாது. நீங்க குடி வந்த முத மாசம் உங்களையும் தெரியாது, அதுதான் உங்க பிரச்சனையில பாதி.

மீன்பிடி தடைக்காலம்னு ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் பெரிய போட்டு கடலுக்குப் போகாது. அந்த ரெண்டு மாசம் மீன் கழிவு கொறையும், துறைமுகத்த ஒட்டி இருக்குற நாய்ங்க உள்தெருவுக்கு சோறு தேடி வரும், எல்லைச் சண்டையும் கூடவே வரும். மே மாசம் குடி வந்துட்டு "ஐயோ இவ்ளோ சத்தமா"ன்னு பயந்தீங்கன்னா கொஞ்சம் பொறுத்துப் பாருங்க.

நாய்க்கு உங்கள அறிமுகப்படுத்துங்க

முத வாரம் பகல் நேரத்துல, சாயங்காலம், தெருவுல நடந்தே போய் வாங்க. ஓடாதீங்க, கண்ணுக்குக் கண்ணு முறைச்சுப் பாக்காதீங்க, போன்ல பேசிக்கிட்டே போங்க, உங்க குரல் அதுக்குப் பழகணும். குனிஞ்சு கல்லு எடுக்குற மாதிரி ஆக்ஷன் குடுத்தா நாய் ஓடும், எல்லாருக்கும் தெரிஞ்ச டெக்னிக்தான், ஆனா அந்த நாய் உங்கள ஞாபகம் வச்சுக்கும், அப்புறம் நீங்க கேட்ட தொறக்குற சத்தத்துக்கே கொரைக்கும். எனக்குத் தெரிஞ்சு தெருவுல ஒருத்தர மட்டும் நாய்ங்க விடாம தொரத்துதுன்னா பத்துல எட்டு கேஸ் அவர் என்னிக்கோ கல்லால அடிச்சிருப்பார்.

பைக்ல வர்றவங்க தெரு முனையிலயே வேகத்தக் கொறைங்க, ஹெல்மெட் கண்ணாடிய தூக்கி விடுங்க, "டேய் மணி, நான்தான்டா"ன்னு ஒரு குரல் குடுங்க. பேர் தெரியலன்னாலும் மணின்னே கூப்பிடுங்க, பாதி நாய்க்கு அதான் பேரு, மீதி கருப்பன். தொரத்துச்சுன்னா ஆக்ஸிலரேட்டர முறுக்காதீங்க, கால தூக்கி ஹேண்டில்பார் மேல வைக்காதீங்க, அப்பிடி வச்சு விழுந்தவங்கதான் ஜாஸ்தி. மெதுவாக்கி நிறுத்திடுங்க, நின்ன வண்டிய தொரத்த அதுக்கு ஆர்வம் கெடையாது, ரெண்டு தடவ மோந்துட்டுப் போயிடும்.

பிஸ்கட் போடலாமா? போடலாம், கொஞ்சமா. வெறும் மில்க் பிஸ்கட் ரெண்டு. சாக்லேட், க்ரீம் பிஸ்கட் கூடாது, சாக்லேட் நாய்க்கு விஷம். முக்கியமா உங்க வாசப்படியில வச்சுப் போடாதீங்க. வாசல்ல சோறு கெடைச்சா அது உங்க வாசலையே காவல் காக்கும், காவல்னா என்ன, உங்க வீட்டுக்கு வர்ற கேஸ்காரர், தண்ணி கேன் தம்பி, மாமனார் எல்லாரையும் பாத்து கத்தும். பத்து வீடு தள்ளி, தெரு ஓரமா, போற போக்குல போடுங்க.

சோறு வைக்கிறவங்களப் பிடிங்க

நாய புடிக்கிறதுக்கு முன்னாடி நாய்க்கு சோறு வைக்கிறவங்களப் புடிக்கணும், இதுதான் இந்த கட்டுரையில மெயின் மேட்டர், மத்ததெல்லாம் மறந்தாலும் பரவால்ல. ஒவ்வொரு தெருவுலயும் ஒரு ஆளு இருப்பாங்க. ஒரு அக்கா, ஒரு ரிட்டயர்ட் ஹார்பர் பெரியவர், பிரியாணிக் கடையில வேல பாக்குற ஒரு பையன். எந்த நாய் எந்த நாயோட குட்டி, எதுக்கு ஆபரேஷன் ஆச்சு, எது புதுசா வந்து சேந்துச்சு, எது கடிக்கும் எது சும்மா ஷோ காட்டும், எல்லாம் அவங்களுக்குத் தெரியும்.

புதுசா வர்றவங்க நேரா அவங்க கிட்ட போய் "உங்களாலதான் இவ்ளோ நாய்"னு சண்டைக்கு நிப்பாங்க, அத்தோட காரியம் கெட்டுச்சு. அவங்க இந்தத் தெருவுல முப்பது வருஷம், நீங்க முந்தாநேத்து வந்தவரு, தெரு யார் பக்கம் நிக்கும்னு யோசிங்க.

இப்பிடிப் போங்க: "அக்கா, அந்த வெள்ளையும் பிரவுனுமா இருக்கே, அது பேர் என்னக்கா? நைட்டு ரொம்ப கத்துது, அதுக்கு ஒடம்பு எதுனா சரியில்லயா?" இப்பிடிக் கேட்டா அந்தக்கா அரை மணி நேரம் பேசுவாங்க, நடுவுல உங்களுக்கு வேண்டிய விஷயம் எல்லாம் வந்துடும். அப்புறம் மெதுவா ரெண்டு விஷயம் கேளுங்க. ஒண்ணு, சோறு வைக்கிற நேரம். ராத்திரி பத்தரைக்கு வச்சா அந்த சோத்துக்கு அடிச்சிக்கிட்டு பன்னெண்டு வரைக்கும் கத்தும், அதே சோத்த ஏழு மணிக்குள்ள வச்சா சாப்ட்டுட்டுப் படுத்துடும். ரெண்டு, எடம். ஒரே குவியலா கொட்டாம தனித்தனியா தள்ளி வச்சா சண்டை பாதியாயிடும். சாப்ட்டு முடிச்ச எலைய, பேப்பர நீங்களே எடுத்துப் போடுறேன்னு சொல்லுங்க, ஒரு பாக்கெட் அரிசி வாங்கிக் குடுங்க, உங்க மேல மரியாதை வந்துடும்.

2023ல வந்த நாய் இனக்கட்டுப்பாட்டு விதியிலயே சோறு வைக்க எடமும் நேரமும் குறிக்கச் சொல்லிருக்கு, பசங்க வெளையாடுற எடம், படிக்கட்டு, வாசல் இதுங்கள விட்டுத் தள்ளி இருக்கணும்னு. 2025 ஆகஸ்ட் 22ல சுப்ரீம் கோர்ட்டும் கண்ட எடத்துல வைக்காம அதுக்குன்னு ஒதுக்குன எடத்துலதான் வைக்கணும்னு சொல்லிச்சு. இது உங்க கையில இருக்குற பாயிண்ட்டுதான், ஆனா அக்கா கிட்ட மொத நாளே கோர்ட்டு ஆர்டர் பேசாதீங்க.

1913க்கு கூப்பிடுறது

மாநகராட்சி நம்பர் 1913. நம்ம சென்னை ஆப்லயும் போடலாம். போன்ல "எங்க தெருவுல நாய் கத்துது"ன்னு சொன்னா அதுக்கு அவங்க ஒண்ணும் பண்ண முடியாது, கத்துறது குத்தம் இல்ல. "இத்தன நாய் இருக்கு, கருத்தடை ஆகல, தடுப்பூசி போடணும்"னு சொல்லுங்க. தெரு பேரு, வார்டு, பக்கத்துல என்ன கோயில் என்ன ஸ்கூல், நாயோட கலர், எந்த நேரத்துல எங்க இருக்கும், இதெல்லாம் சொல்லி கம்ப்ளெயிண்ட் நம்பர் வாங்கி வச்சுக்கோங்க.

கருத்தடை ஆச்சா இல்லையான்னு எப்பிடித் தெரியும்? காதப் பாருங்க. ஆபரேஷன் ஆன நாய்க்கு ஒரு காது நுனியில சின்னதா வெட்டு இருக்கும். வெயில்ல தூங்கும்போது கிட்டப் போகாம போன் கேமராவ ஜூம் பண்ணிப் பாத்தாலே தெரியும், சண்டையில கிழிஞ்ச காதுக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்கு, கிழிஞ்சது கோணல்மாணலா இருக்கும், இது நேரா வெட்டுன மாதிரி.

மாநகராட்சியோட நாய் புடிக்கிற வண்டி வந்துச்சுன்னா நாய்ங்க மாயமா மறைஞ்சிடும், அந்த வண்டி சத்தம் அதுங்களுக்கு அத்துப்படி. வலையத் தூக்கிக்கிட்டு ஆளுங்க சந்து சந்தா ஓடி ரெண்டு நாயோட போயிடுவாங்க, மாட்டுனது ரெண்டும் அனேகமா ஏற்கனவே ஆபரேஷன் ஆன சாதுவா இருக்கும். இங்கதான் சோறு வைக்கிற அக்கா வேணும். அவங்க கூப்பிட்டா வரும், அவங்க மடியில தூக்கிக் குடுத்தா வண்டியில ஏறும். அவங்களுக்கு ஒரு பயம் இருக்கும், புடிச்சுட்டுப் போய் கொன்னுடுவாங்களோன்னு. அந்தக் காலத்துல மெட்ராஸ்ல அப்பிடித்தான் நடந்துச்சு, பழைய ஆளுங்களுக்கு அந்த ஞாபகம் போகல. 1996ல இருந்து கருத்தடைக்கு மாறிட்டாங்க. புளியந்தோப்புல பேசின் பிரிட்ஜ் பக்கம் மாநகராட்சி மையம் இருக்கு, ஆபரேஷன் பண்ணி சில நாள் வச்சிருந்து, ஊசி போட்டு, புடிச்ச அதே தெருவுல கொண்டாந்து விடணும்னுதான் சட்டம். குட்டிக்கு பால் குடுக்குற தாயையும், சின்ன குட்டியையும் புடிக்கக் கூடாது. இத அக்காவுக்கு எடுத்துச் சொல்லி, நாய் திரும்பி வர்ற வரைக்கும் நீங்களும் கூட நின்னு விசாரிங்க.

கருத்தடை பண்ணா கொரைக்கவே கொரைக்காதான்னா, கொரைக்கும். ஆனா அந்தப் புரட்டாசி ரகளை போயிடும், வருஷா வருஷம் புதுக் குட்டி சேராது, தெருவுக்குன்னு ஒரு செட்டில் ஆன கேங்க் இருக்கும், அதுங்க உங்களுக்குப் பழகுன நாயா இருக்கும்.

ஸ்கூல், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்ட், ரயில்வே ஸ்டேஷன் வளாகத்துக்குள்ள இருக்குற நாய்க்கு மட்டும் ரூல் வேற, 2025 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் அதுங்கள அங்கயிருந்து எடுத்துடணும், திருப்பி அங்கயே விடக்கூடாதுன்னு சொல்லிருக்கு. உங்க வீடு ஸ்கூல் காம்பவுண்ட ஒட்டி இருந்தா அந்த நிர்வாகத்தையும் சேத்துக் கேளுங்க.

பண்ணக் கூடாத வேல

யாராவது ஒருத்தர் ஐடியா குடுப்பார், "ஆட்டோக்காரன் கிட்ட ஐநூறு குடுத்தா மணலி பக்கம் விட்டுட்டு வந்துடுவான்"னு. வேணாம். காலியான எடத்துக்கு ஒரு வாரத்துல வேற நாய் வரும், ஆபரேஷன் ஆகாதது, ஊசி போடாதது, உங்கள முன்னப் பின்ன தெரியாதது, முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். வெஷம் வைக்கிறதப் பத்தி நெனைக்கவே நெனைக்காதீங்க, பாவம்ன்றது ஒரு பக்கம், பாரதிய நியாய சன்ஹிதா 325வது பிரிவுல அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு.

வீட்டுக்குள்ள

கட்டில் தலமாட்ட தெரு ஜன்னல் பக்கம் வைக்காதீங்க, எதிர் சுவருக்கு மாத்துங்க. பழைய மர ஜன்னல்னா இடுக்குலதான் பாதி சத்தம் வரும், ஹார்ட்வேர் கடையில ஒட்டுற ஸ்பாஞ்ச் டேப் கெடைக்கும், வாங்கி சுத்தி ஒட்டுங்க. கனமான கர்ட்டன் போடுங்க. டேபிள் ஃபேன காது பக்கம் ஓட விட்டா அந்த ஒரே மாதிரி சத்தத்துல தூரத்து கொரைப்பு அமுங்கிடும், நம்ம ஊர் புழுக்கத்துக்கும் ஆச்சு. பஞ்சு மாதிரி இருக்குற காது அடைப்பான் மெடிக்கல்ல கெடைக்கும், போட்டா அலாரம் கேக்காது, போன வைப்ரேட்ல போட்டு தலகாணிக்கு அடியில வைங்க. தீபாவளி அன்னிக்கு இது எதுவும் வேலைக்காகாது. அன்னிக்கு நாய்ங்க பயந்து போய் உங்க மாடிப்படியில ஒளியும், வெரட்டாதீங்க, ஒரு ராத்திரிதான்.

கத்துறது பக்கத்து வீட்டு நாயா இருந்தா

இது இன்னும் தர்மசங்கடம். மொட்ட மாடியில கட்டிப் போட்டுட்டு வேலைக்குப் போயிடுவாங்க, லாப்ரடார் ஒண்ணு வெயில்ல கெடந்து கத்தும். நேரா போய் "தூங்க முடியல"ன்னு சொன்னா அவங்களுக்குக் கோவம்தான் வரும். "அண்ணே, நீங்க கெளம்புனதும் பத்து மணில இருந்து அது அழுதுட்டே இருக்கு, தண்ணி தீந்துடுச்சோ என்னவோ"ன்னு சொல்லுங்க, கூடவே ஒரு சின்ன வீடியோ காட்டுங்க. நெறைய பேருக்கு தான் இல்லாத நேரத்துல நாய் என்ன பண்ணுதுன்னே தெரியாது. கேக்கலன்னா ஹவுஸ் ஓனர், அப்புறம் மாநகராட்சி. வீட்டு நாய்க்கு மாநகராட்சி லைசென்ஸ் கட்டாயம், அதுக்கு வெறிநாய்க்கடி தடுப்பூசி சர்டிபிகேட் வேணும், அது இல்லன்னா அவங்களும் கொஞ்சம் எறங்கி வருவாங்க. நாய் நோஞ்சானா, புண்ணோட இருந்தா வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிய கை காட்டுங்க, நம்ம பக்கத்துக்கு அதுதான் கிட்ட.

கடிச்சிட்டா

பயமுறுத்த சொல்லல, ஆனா 2023 நவம்பர்ல ராயபுரம் ஜி.ஏ. ரோடு பக்கம் ஒரே நாய் ஒரே நாள்ல இருபது பேருக்கு மேல கடிச்சது, அப்புறம் டெஸ்ட் பண்ணதுல அதுக்கு வெறிநோய்னு தெரிஞ்சுது. வாய்ல எச்சி ஒழுகிக்கிட்டு, தள்ளாடிக்கிட்டு, எதிர்ல வர்ற எல்லாத்தையும் கடிக்கப் போற நாயப் பாத்தா மத்த வேலய விட்டுட்டு 1913க்கு போன் போடுங்க, சோறு வைக்கிற அக்காவுக்கும் சொல்லுங்க.

கடியோ, நகக் கீறலோ, உடனே குழாயத் தொறந்து விட்டு சோப்பு போட்டு பதினஞ்சு நிமிஷம் கழுவுங்க. பதினஞ்சு நிமிஷம்னா நெசமாவே பதினஞ்சு, கடிகாரத்தப் பாத்து. மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு, மொளகாப்பொடின்னு தெருவே வைத்தியம் சொல்லும், எதையும் வைக்காதீங்க, துணிய இறுக்கிக் கட்டாதீங்க. அன்னிக்கே ஸ்டான்லியோ பக்கத்துல இருக்குற மாநகராட்சி ஹெல்த் சென்டரோ போங்க, ஊசி ஃப்ரீதான். தோல்ல போடுறதுன்னா 0, 3, 7, 28ன்னு நாள் கணக்கு, தசையில போடுறதுன்னா நடுவுல 14வது நாளும் சேரும். ரத்தம் வந்த கடின்னா காயத்துலயே போடுற இம்யூனோகுளோபுலின்னு இன்னொரு ஊசியும் தேவைப்படும், அது இருக்கான்னு முதல்லயே கேட்டுடுங்க, இல்லன்னா இருக்குற ஆஸ்பத்திரிக்கு அவங்களே அனுப்புவாங்க. வீட்டு நாய், ஊசி போட்ட நாய், செல்லமா கடிச்சதுன்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க, டாக்டர் சொல்லட்டும். சின்னப் பசங்க திட்டு விழும்னு கீறலக் காட்டவே மாட்டாங்க, அடிக்கடி கேட்டுக்கோங்க. மூணு ஊசியோட காயம் ஆறிடுச்சுன்னு கடைசி ஊசிய விட்டுடுறவங்க நிறைய, 28வது நாளுக்கு போன்ல அலாரம் வைங்க. ஊசி கார்ட போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, திரும்ப எப்பவாவது கடி பட்டா டாக்டர் முதல்ல அதத்தான் கேப்பார், ஏற்கனவே முழுசா போட்டிருந்தா ரெண்டு ஊசியோட விட்டுடுவாங்க.